உவர்நீர் முதல் உயர்பதவி வரை: அலுவலகத் தலைமைப் பண்பைப் போமே பாகையில் அளத்தல் குறித்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சிக்கல்

ஊழியர்களைத் தலைவர்களாக்கும் பொருட்டு, சென்னை அலுவலகங்கள் அவர்களைக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே பயிற்சிக்கு அனுப்புகின்றன. மரக்காணம் உப்பளங்களைப் பேருந்து கடக்கும்போது எல்லோரும் தூங்குகிறார்கள். கோட்டக்குப்பம் தாண்டிப் புதுச்சேரி எல்லை வந்ததும் ஒருவர் விடாமல் விழித்துக்கொள்கிறார்கள். பாடம் தூக்கத்தில் தவறிவிட்டது என்பதே இவ்வாய்வின் கருதுகோள்.

கருவி

பிரெஞ்சு மருந்தாளர் அந்துவான் போமே 1768இல் வகுத்த அடர்த்தி அளவை. கோட்டக்குப்பத்தை ஒட்டிய புதுச்சேரி அப்போது பிரெஞ்சுக்காரர் கையில் இருந்ததால், இதை உள்ளூர்ச் சரக்காகவே கொள்ளலாம்.

கண்டவை

3 பாகை: கடல்நீர், புதிதாகச் சேர்ந்தவர். எல்லாம் கரைந்திருக்கும், எதுவும் கைக்குச் சிக்காது. கூட்டத்தில் "இதை ஏன் செய்கிறோம்?" என்று கேட்பவர் இவரே.

13 பாகைக்கு மேல்: உப்பளத்தில் ஜிப்சம் அடியில் படியத் தொடங்கும். அலுவலகத்தில் மேற்படி கேள்வி படிகிறது.

25 பாகை: பாத்தியில் உப்பு விளையும். வெயிலும் காற்றும் தம் பங்களிப்பைக் குறிப்பிட்டு யாருக்கும் மின்னஞ்சல் அனுப்புவதில்லை.

29 பாகைக்கு மேல்: எஞ்சிய நீரில் மக்னீசிய உப்புகள் மிகுந்து கசக்கும். உப்பளத்தில் அதை வெளியேற்றிவிடுவார்கள். விட்டுவைத்தால் நல்ல உப்பும் கெடும். அலுவலகமோ அக்கசப்பை 'அனுபவம்' எனப் பதிந்து, பதவி உயர்வு கொடுத்து, 3 பாகைக்காரர்களுக்கு வகுப்பெடுக்க அனுப்புகிறது.

மாற்றுச் சான்று

உப்புச் சட்டத்தை மீறுவதற்காக 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி ஏறத்தாழ நூறு தொண்டர்களுடன் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடக்கத் தொடங்கினார். தொண்டர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுத்தால் தண்டனை என்று தஞ்சை ஆட்சியர் தார்ன் எச்சரித்தார். ஆக, விடுதி வசதியே குற்றமாக்கப்பட்ட அரிய தலைமைப் பயிற்சி முகாம் இது. ஏப்ரல் 30 அன்று தலைவரே குனிந்து உப்பை அள்ளிக் கைதானார். குனிகிற வேலையைக் கீழே உள்ளவருக்கு 'அதிகாரப் பகிர்வு' செய்யும் உத்தி அன்று புழக்கத்தில் இல்லை போலும்.

வரையறைகள்

வடகிழக்குப் பருவமழையில் உப்பளம் நிற்கும், கூலியும் நிற்கும். அலுவலகத்துக்குப் பருவமழை இல்லாததால் ஒப்பீடு இங்கே முறிகிறது. மேலும், உவர்நீரில் கால் வெடிக்க நின்று உப்பு வாரும் பெண்ணுக்குப் பதவி உயர்வு என்ற ஒன்றே இல்லை. எனவே அவருடைய 'தனிமனித வளர்ச்சி'யை அளக்க இயலவில்லை. இது கருவியின் குறையா, அளத்தின் குறையா என்பது மேலாய்வுக்குரியது.

பரிந்துரை

மேலாளர் நாற்காலி ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு மடை அமைக்கலாம். அதை எப்போது திறப்பது, யார் திறப்பது என்று முடிவுசெய்யக் குழு ஒன்று நியமிக்கப்பட்டிருக்கிறது. குழுத் தலைவர் 31 பாகை.