நிபுண தரிசன பயம்: ஒரு சிறு விசாரம்

மானிடர்க்கு அச்சம் உண்டாவது நான்கு காரணங்களால் என்று வகுத்த தொல்காப்பியனார், தெய்வம், விலங்கு, கள்வர், அரசன் என்று சொல்லி நிறுத்திக்கொண்டாரேயன்றி, சர்க்கரை வியாதிக்கென்றே தனியாகப் படித்துப் பட்டம் பெற்ற ஒரு டாக்டரை முதன்முதலாகப் பார்க்கப் போகிறவனுடைய அடிவயிற்றில் எழும் கலக்கத்தை எந்த வகையில் சேர்ப்பது என்பதற்கு வழி வைத்துப் போகவில்லை. தெய்வ வகை எனலாமா என்றால், தெய்வ சந்நிதிக்குப் பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கி எடுத்துப்போகும் வழக்கம் இல்லை. விலங்கு என்பது அபசாரம். கள்வர் என்பதைக் குறித்து, பணம் கட்டும் ஜன்னலைத் தாண்டுவதற்கு முன் அபிப்பிராயம் சொல்வது முறையாகாது. ஆக எஞ்சுவது அரசன். மூன்று வருஷத் தீர்வையைப் பாக்கி வைத்துக்கொண்டு அரண்மனைக்கு அழைக்கப்பட்ட குடியானவனுடைய அச்சமே இது என்று தற்காலிகமாகக் கொண்டு மேலே செல்வோம்.

வியாதி என்னவோ புராதனமானது. மதுமேகம் என்ற பெயரால் சுச்ருதர் அதை அறிந்திருந்தார். பதினேழாம் நூற்றாண்டில் தாமஸ் வில்லிஸ் என்னும் ஆங்கிலேய வைத்தியர், நோயாளியின் சிறுநீர் தேன் கலந்தாற்போல் இனிக்கிறதென்று எழுதி வைத்தார். அதை அறிவதற்கு அவரிடம் நாவைத் தவிர வேறு கருவி இருக்கவில்லை. (அந்தக் காலத்தில் சந்திப்பை நினைத்து முந்தின இரவு தூக்கம் கெட்டவர் நோயாளியாக இருந்திருக்க நியாயமில்லை.) பிற்பாடு பெனடிக்ட் திராவகம் வந்தது, சிறுநீர் விட்டுக் காய்ச்சும்போது அதன் நீலம் மாறாதிருந்தால் க்ஷேமம், பச்சை, மஞ்சள் என்று ஏறிச் செங்கல் நிறத்தில் போய் நின்றால் விபரீதம். 1921-இல் டொராண்டோ நகரில் இன்சுலினும் கண்டுபிடிக்கப்பட்டது. இவ்வளவுக்கும் நாம் விசாரிக்கும் பயம் நம் நாட்டில் தலைகாட்டவில்லை. ஏனெனில் நிபுணர் தலைகாட்டவில்லை. சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் டாக்டர் எம். விசுவநாதன் நீரிழிவுக்கென்று தனிப் பிரிவு தொடங்கியது 1948-இல். ஆகவே இந்த பயம் நம் சுதந்திரத்தைவிட ஒரு வயது இளையது என்பது என் துணிபு.

இனி இதன் லட்சணத்தைப் பார்ப்போம். பன்னிரண்டு வருஷமாக நம் நாடி பிடித்து, நம் வீட்டுக் கல்யாணங்களில் நம்மோடு பந்தியில் உட்கார்ந்து பாயசமும் சாப்பிட்ட தெரு டாக்டர், ஒரு நாள் திடீரென்று கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்து, “எதுக்கும் ஸ்பெஷலிஸ்ட் ஒருத்தரைப் பார்த்துடுங்களேன்” என்று சீட்டு எழுதிக் கொடுக்கிறாரே, அந்தக் கணத்தில் இது ஜனிக்கிறது. ஜனித்ததும் முதலில் செய்யும் வேலை, மனிதனை யோக்கியனாக்குவதுதான். நான் திருநெல்வேலிக்காரன். எங்கள் சீமையில் அல்வா என்பது தின்பண்டம் அன்று. ஒரு வீட்டுக்குப் போகிறவன் கையில் ஏந்திப்போகும் மரியாதை. அந்த மரியாதையைப் பதினொரு வருஷமாக ஒருவர் மனமும் கோணாமல் ஏற்றுவந்த நான், பாளையங்கோட்டைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நாள் குறித்தானதும், சரியாக ஏழு தினங்கள், பாகற்காயும் வெந்தயமும் உண்டு, விடியற்காலையில் வ.உ.சி. மைதானத்தைச் சுற்றி வந்து, ரிஷிகள் வெட்கும்படியான ஜீவிதம் நடத்தினேன். என் சகதர்மிணி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பாகற்காய் பரிமாறிய கையில் ஒரு நகைப்பு இருந்தது.

இந்த ஏழு நாள் விரதம் ரத்தத்தின் கண்ணில் மண்ணைத் தூவுவதற்காக ஏற்பட்டது. வெறும் வயிற்றில் எடுக்கும் சர்க்கரையும், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் சர்க்கரையும் ஓரளவு ஏமாறக் கூடியவை. ஆனால் மூன்று மாத சராசரி என்று ஜனங்கள் சொல்லும் ஹெச்.பி.ஏ.ஒன்.சி. என்ற பரீட்சை இருக்கிறதே, அது லஞ்சம் வாங்காத சாட்சி. சிவப்பணு ஒன்று ஏறக்குறைய 120 நாள் உயிர்வாழ்கிறது. அத்தனை நாளும் ரத்தத்தில் ஓடிய சர்க்கரை அதன் மேனியில் ஒட்டிக்கொண்டே வருகிறது. ஆகையால் ஆடி மாதத்து விருந்துக்கு ஐப்பசியில் கணக்குக் கேட்க முடிகிறது. சித்திரகுப்தனுடைய ஏட்டைப் பற்றி நாஸ்திகர் எழுப்பும் ஆட்சேபங்கள் எல்லாம் இந்த ஒரு பரீட்சையால் அடிபட்டுப் போகின்றன என்று நான் நினைக்கிறேன். அது வேறு கட்டுரைக்கு உரிய விஷயம்.

இங்கே தர்க்க சாஸ்திரிகளுக்கு ஒரு சிக்கல். பயந்தவனுடைய உடலில் அட்ரினலினும் கார்டிசாலும் சுரந்து, ஈரலில் சேர்த்து வைத்த சர்க்கரையை ரத்தத்தில் இறக்கிவிடுகின்றன. புலியைக் கண்டால் ஓடுவதற்காக இயற்கை செய்த ஏற்பாடு. ஆகவே சர்க்கரை ஏறியிருக்குமோ என்று பயந்தால் சர்க்கரை ஏறுகிறது. ஏறியது கண்டு பயம் ஏறுகிறது. காரியம் எது, காரணம் எது? எதிர்வீட்டு அண்ணாச்சியிடம் கேட்டேன். ரிவின்யூ இலாகாவில் முப்பது வருஷம் இருந்தவர். “அதெல்லாம் ஆராயாதீரும். பயத்தினாலே ஏறிட்டுன்னு சொல்லும். கேஸுக்கு அனுகூலமான பாயிண்டு” என்றார்.

அன்று காலை, டோக்கன் நம்பர் 34-ஐக் கையில் பிடித்துக்கொண்டு, செருப்பையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி, சட்டைப்பையிலிருந்த சில்லறையையும் எடுத்துவிட்டு எடை மெஷின்மேல் ஏறிய நான், ஒத்திகை பார்த்த பதில்களோடு காத்திருந்தேன். இனிப்பு உண்டா? எப்போதாவது. நடைப் பயிற்சி? தினந்தோறும். மாத்திரை? வேளை தவறுவதில்லை. உள்ளே போனால், என் மகள் வயதுள்ள ஒரு டாக்டரம்மா. ரிப்போர்ட்டைப் பார்த்தார். “ம்” என்றார். அல்வாவைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. அண்ணாச்சியின் பாயிண்டு வாயிலேயே நின்றுவிட்டது.

“சார், கட்டில்ல படுத்துக் காலை நீட்டுங்க” என்றார். நரம்பில் உணர்ச்சி குறைந்திருக்கிறதா என்று அறிய, பத்து கிராம் பாரம் கொடுத்தால் வளையும்படி செய்த ஒரு நைலான் நரம்பை உள்ளங்காலில் வைத்து அழுத்திப் பார்ப்பார்களாம். “கண்ணை மூடிக்குங்க. தொடறது தெரிஞ்சா சொல்லுங்க.”

மூடிக்கொண்டேன். இது ஒன்றிலாவது குறைவற நிற்க வேண்டும் என்ற வைராக்கியத்தோடு, “தெரியுது” என்றேன். சற்று நேரம் கழித்து, இன்னும் உறுதியாக, “நல்லாவே தெரியுது டாக்டர்” என்றேன்.

“சார்,” என்றார் டாக்டரம்மா, “நான் இன்னும் தொடவே இல்லையே.”