விலை விண்டேஜ், பேக்கிங் காயலான்கடை

உலகத்தின் முதல் பார்சல் சர்வீஸ் எங்கள் ஊரில்தான் தொடங்கியது. சிரிக்காதீர்கள், சேக்கிழார் சாட்சி. திருமுதுகுன்றம் என்ற இன்றைய விருத்தாசலத்தில் சுந்தரருக்குப் பழமலைநாதர் 12,000 பொன் கொடுத்தார். இதைத் திருவாரூரில் எனக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்றார் சுந்தரர். மணிமுத்தாற்றில் போடு, அங்கே குளத்தில் எடுத்துக்கொள் என்று உத்தரவாயிற்று. சுந்தரர் ஏமாளி இல்லை. போடுவதற்கு முன்பே துளிப் பொன்னை வெட்டி, பிறகு ஒப்பிட்டுப் பார்க்க மச்சமாகக் கையில் வைத்துக்கொண்டார். திருவாரூரில் இறங்கித் தேடினால் முதலில் சரக்கைக் காணவில்லை. பாடினார், வந்தது. உரசிப் பார்த்தால் மாற்றுக் குறைவு. மறுபடி பாடினார், மாற்று ஏறியது. அந்தத் தர ஆய்வுக்குச் சாட்சியாகக் கமலாலயக் கரையில் மாற்றுரைத்த விநாயகர் இன்றும் உட்கார்ந்திருக்கிறார். அட்டைப்பெட்டி கிடையாது, பிரவுன் டேப் கிடையாது, 'கையாளும்போது கவனம்' ஸ்டிக்கர் கிடையாது. ஆற்றில் போட்டது குளத்தில் முழுசாக வந்து சேர்ந்தது.

அதே ஊரில் உட்கார்ந்துகொண்டு நான் ஆன்லைனில் ஒரு பழைய மானிட்டர் வாங்கினேன்.

எதற்கு என்று கேட்பீர்கள். என்னிடம் ஒரு பி.பி.சி. மைக்ரோ இருக்கிறது. 1984இல் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கி, பள்ளிப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லித்தரப் புறப்பட்டதே, அந்தத் திட்டத்தின் இயந்திரம் இதுதான். இங்கிலாந்தில் ஏக்கார்ன் நிறுவனம் 1981இல் கொண்டுவந்தது. இங்கே மொஹாலியில் அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் 'யூனிகார்ன்' என்று பெயர் மாற்றி இறக்கியது. நாடு முழுக்கப் பள்ளிகளில் பூட்டிய அறைக்குள், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்க் கும்பிட்ட சாமி அது. பிறகு சாமிக்கு வயதாகிவிட்டது. ஒருநாள் ஸ்டாக் பதிவேட்டில் 'பயனற்றது' என்று சிவப்பு மையில் எழுதி, உடைந்த பெஞ்சு, துருப்பிடித்த பீரோவோடு சேர்த்து எடைக்குப் போட்டார்கள். இந்தியப் பிள்ளைகள் பலர் முதன்முதலாக விரல் வைத்த கணினி, கிலோ இத்தனை என்று போனது. இதையெல்லாம் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து நாலு வரி எழுதிப் போட வேண்டும் என்று எந்த அதிகாரிக்கும் தோன்றவில்லை. அந்த மொஹாலி நிறுவனத்தின் சில்லு ஆலையே 1989இல் எரிந்துபோனது. தீயிலும் தப்பி, பழைய இரும்புக் கடையிலும் தப்பி எங்கோ மிச்சம் இருக்கிற நாலைந்தையும் இப்போது கூரியரில் கொன்றுகொண்டிருக்கிறோம்.

என் இயந்திரம் தலையில்லாத முண்டமாகக் கிடந்தது. தலைக்குத்தான் அந்த மானிட்டர். பச்சை எழுத்து, பன்னிரண்டு அங்குலம், பிக்சர் டியூப் வைத்தது. விளம்பரத்தில் 'ரேர்', 'விண்டேஜ்', 'கலெக்டர்ஸ் ஐட்டம்' என்று மூன்று பட்டங்கள். விலை 8,500 ரூபாய். அதற்கு மேல் 'பேக்கிங், ஹேண்ட்லிங்' என்று 900. அந்த 900 ரூபாயைப் பார்த்ததும் எனக்கு நிம்மதி வந்தது. அடடா, பொறுப்பான மனிதர் என்று நினைத்தேன். அப்படி நினைத்த வாயில் மணிமுத்தாற்று மணலைத்தான் அள்ளிப் போட வேண்டும். ஆற்றில் தண்ணீர் இல்லாவிட்டாலும் மணலாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அதையும் செய்ய முடியும்.

டெலிவரிக்கு வந்த பையன் பெட்டியை இறக்கும்போதே, "உள்ள கலகலன்னு கேக்குதுங்கண்ணா, கிலுகிலுப்பையா?" என்றான்.

அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. பைக்கின் பின்னால் தன்னைவிட உயரமாக மூட்டை கட்டிக்கொண்டு, மணிக்கணக்கில் அலைந்து, ஒவ்வொரு வாசலிலும் ஓடிபி பிச்சை கேட்கிற பிள்ளை அவன். இந்த நாட்டில் பொருள் உடைந்தால் முதலில் திட்டு வாங்குவது அவன்தான். பணத்தை வாங்கிக்கொண்டவர் ஏதோ ஒரு ஊரில் மின்விசிறிக்கு அடியில் அடுத்த விளம்பரம் எழுதிக்கொண்டிருக்கிறார்.

பெட்டி, குழந்தைகளின் டயப்பர் வந்த பெட்டி. டேப்பில் மட்டும் கர்ணப் பிரபு: குறுக்கும் நெடுக்கும் சுற்றி எகிப்திய மம்மி மாதிரி ஆக்கியிருந்தார். மேலே ஸ்கெட்ச் பேனாவில் எழுத்துப்பிழையோடு 'ஃப்ரஜில்'. உள்ளே மானிட்டருக்கு முன்பக்கம் ஒரே ஒரு சுற்று பபிள் ஷீட். பின்பக்கம் ஒன்றுமே இல்லை.

இதை விளக்காவிட்டால் என் வயிறு ஆறாது. பிக்சர் டியூபில் முகப்புக் கண்ணாடிதான் ஆகத் தடிமன். சின்ன அடியெல்லாம் அதை ஒன்றும் செய்யாது. உயிர் இருப்பது பின்னால், கழுத்தில். விரல் பருமனில் ஒரு மெல்லிய கண்ணாடிக் குழல், அதற்குள் எலக்ட்ரான் துப்பாக்கி. டியூப் முழுவதும் வெற்றிடம். கழுத்தில் மயிரிழை விரிசல் விட்டாலும் உள்ளே காற்று புகுந்துவிடும், அப்புறம் அது வெறும் கண்ணாடிச் சொம்பு. ஊரில் டிவி மெக்கானிக் கடை வைத்திருந்த யாரைக் கேட்டாலும் சொல்வார். நம் ஆள் மலைக்குப் பஞ்சு மெத்தை விரித்துவிட்டு மலர்த்தண்டை அம்மணமாக அனுப்பியிருந்தார். அது போதாதென்று, மூன்று பித்தளை முனை கொண்ட கனத்த பிளக்கோடு பவர் கார்டையும் பெட்டிக்குள் சும்மா போட்டிருந்தார். ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் அந்தப் பிளக் போய்க் கழுத்தில் தட்டியிருக்கிறது, கோயில் மணி அடிக்கிற பக்தியோடு. குயவனுக்கு ஒரு வருஷம், தடிகாரனுக்கு ஒரு நிமிஷம் என்பார்கள். இங்கே தடியையும் சட்டியையும் ஒரே பெட்டிக்குள் வைத்து ஒட்டி, அதற்குக் கூலி 900 ரூபாய்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தின மாதம் வேறொரு விற்பனையாளரிடம் ஒரு 486 சில்லு வாங்கினேன். அடியில் 168 கம்பிகள், தங்க முலாம், நடுவில் பீங்கான் உடல். அந்தக் காலத்துச் சில்லுகள் பலவற்றுக்குப் பீங்கான்தான் சட்டை. இன்டெல்லின் முதல் நுண்செயலியான 4004, 1971இல் வந்தபோது வெள்ளைப் பீங்கானும் பொன் கம்பியுமாக நகைக்கடைச் சரக்கு போலத்தான் இருந்தது. அந்த 168 கம்பியையும் அந்த மகானுபாவர் வெறும் தபால் கவரில் போட்டு அனுப்பினார், கல்யாணப் பத்திரிகை மாதிரி. கம்பிகள் பேன்சீப்பு ஆகியிருந்தன. பீங்கானில் ஒரு கீறல் இல்லை. இந்த ஊர்க்காரனாக அதில் மட்டும் ஒரு பெருமை.

இந்த ஊரில் இப்படி ஒரு பார்சல் வந்து இறங்குவதே அவமானம். விருத்தாசலம் பீங்கான் தின்று வளர்ந்த ஊர். செராமிக் தொழிற்பேட்டை இருக்கிறது, செராமிக் படித்துத்தர அரசுப் பாலிடெக்னிக் இருக்கிறது. ஃபியூஸ் கேரியரில் தொடங்கி கார்த்திகை அகல், கொலு பொம்மை, கிறிஸ்துமஸ் குடில் வரை சூளையிலிருந்து இறக்கி வெளியூருக்கு அனுப்பிக் கஞ்சி குடிக்கிற ஊர். உடையும் பொருளை உடையாமல் அனுப்பத் தெரியாவிட்டால் இங்கே அடுப்பு எரியாது. பொம்மைப் பட்டறையில் வேலை செய்யும் அக்கா ஒருவர் கொலு செட் கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். பெட்டிக்கு அடியில் வைக்கோல் மெத்தை. ஒவ்வொரு பொம்மைக்கும் தனித்தனியாகக் காகிதச் சுற்று. மூக்கு, விரல், வீணைக் கழுத்து என்று துருத்திக்கொண்டிருக்கும் இடத்துக்கெல்லாம் கூடுதலாக ஒரு திரி வைக்கோல். எல்லாம் அடுக்கிய பிறகு பெட்டியைக் காதோரம் வைத்து ஒரு குலுக்கு. உள்ளே சின்னச் சத்தம் கேட்டாலும் மறுபடி பிரிப்பார். சரஸ்வதியின் வீணைக்கு அவர் காட்டிய மரியாதையில் கால்வாசியை என் பிக்சர் டியூபுக்குக் காட்டியிருந்தால் போதும். அவருக்குக் கூலி ஒரு நாளைக்கு அந்த 900 ரூபாய் வராது.

சரி, புகார் செய்வோம் என்று உட்கார்ந்தேன். முதல் கேள்வி: "அன்பாக்சிங் வீடியோ இருக்கிறதா சார்?" பெட்டியின் ஆறு பக்கமும் தெரிய வேண்டும், முகவரிச் சீட்டு தெரிய வேண்டும், வெட்டில்லாமல் ஒரே ஷாட்டில் இருக்க வேண்டும். ஒரு கையில் கத்தி, ஒரு கையில் போன், மூன்றாவது கையால் பெட்டியைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது. பணம் கொடுத்தவன் தன் குற்றமின்மையைப் படம் பிடித்து நிரூபிக்க வேண்டும். பெட்டி கட்டியவர் கட்டும்போது வீடியோ எடுத்தாரா என்று கேட்க இந்த நாட்டில் ஆள் இல்லை.

என்னிடம் வீடியோ இருந்தது. உடனே ராகம் மாறியது. "அனுப்பும்போது நல்ல கண்டிஷன் சார், கூரியர்காரன் தவறு." கூரியரைக் கேட்டால், "பேக்கிங் தவறு." இணையதளத்தைக் கேட்டால், "நாங்கள் வெறும் இடைத்தரகர்." விளம்பரத்தின் கடைசி வரியைக் காட்டினார்கள்: 'அன்டெஸ்டட்'. இந்த வியாபார மொழியில் அதற்குப் பொருள், நான் சோதித்தேன், ஓடவில்லை, உனக்குச் சொல்ல மாட்டேன்.

சட்டம் இருக்கிறது, இல்லாமல் என்ன. 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி பழுதான பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ள விற்பனையாளர் மறுக்கக் கூடாது. புகார் வந்தால் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதைச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். 48 மணி நேரம் அச்சுப் பிசகாமல் கடைப்பிடிக்கப்பட்டது. 'உங்கள் புகார் எங்களுக்கு முக்கியம்' என்று இயந்திரம் ஒன்று கடிதம் போட்டது. அதே விதிகளில், தொழிலாக இல்லாமல் எப்போதாவது விற்கும் தனிமனிதருக்கு விலக்கும் உண்டு. நம் ஆள் கொள்ளையடிக்கும்போது 'ரெட்ரோ' என்று பெயர்ப்பலகை மாட்டிய கடைக்காரர். பிடிபடும்போது அட்டத்தைச் சுத்தம் செய்த அப்பாவிக் குடும்பஸ்தர். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், ஐந்து லட்சம் வரை கட்டணம் கூட இல்லை. போனால் 8,500 வரும். டியூப் எங்கிருந்து வரும்? இன்று உடைந்த செல்போனுக்கு நாளை அதே மாதிரி இன்னொன்று தொழிற்சாலையிலிருந்து இறங்கும். இந்த டியூபை இனி எவனும் ஊதப்போவதில்லை. நாற்பது வருஷ மின்வெட்டு, எலி, மழைக்கசிவு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாவற்றையும் தாங்கியது, முப்பது ரூபாய் பபிள் ஷீட்டை மிச்சம் பிடித்த கைக்குத் தப்பவில்லை.

நுகர்வோர் ஆணையம் என்ற சொல்லைக் கேட்டதும் ஒருவழியாகப் பணம் தர ஒப்புக்கொண்டார்கள். ஒரே நிபந்தனை. கடிதத்தை நாலு முறை படித்தேன்: 'பொருளை நல்ல முறையில் பாதுகாப்பாக பேக் செய்து அனுப்பவும். முறையற்ற பேக்கிங்கால் வழியில் சேதம் ஏற்பட்டால் பணம் திருப்பித் தரப்படாது.'

உடைந்த மானிட்டரைத் தூக்கிக்கொண்டு பொம்மைப் பட்டறைக்குப் போனேன். அக்கா முழுக் கதையையும் கேட்டார். "இத அனுப்பி எத்தினி பேர ஏமாத்துவானோ, தம்பி" என்றவர், வைக்கோலைப் பிரிக்கத் தொடங்கினார். கழுத்துச் சில்லுகளைத் தனியாகக் காகிதத்தில் சுற்றினார். பிளக்கைத் துணியில் கட்டி ஓரமாக ஒதுக்கினார். பெட்டிக்குள் பெட்டி வைத்து, நடுவில் நாலு விரற்கடைக்கு வைக்கோல். கடைசியில் காதோரம் வைத்து ஒரு குலுக்கு. சத்தமே இல்லை.

மானிட்டர் போய்ச் சேர்ந்தது, ஒரு சில்லு கூட மேலும் நொறுங்காமல். பணம் வந்தது, 900 ரூபாய் பிடித்தம் போக.

பத்து நாள் கழித்து அதே தளத்தில் அதே மானிட்டர். 'ரேர்', 'விண்டேஜ்', 'அன்டெஸ்டட்'. விலை 9,500. கீழே புதிதாக ஒரு வரி: 'நூறு சதம் சேஃப் பேக்கிங்.' அத்தாட்சிக்கு ஒரு படமும் போட்டிருந்தார், எங்கள் ஊர் வைக்கோல்.