பொருள்: ஒரே ஒரு கார் செய்தவனுக்கு நம்பர் தரக் கோருதல்

பெறுநர்: வட்டாரப் போக்குவரத்து அலுவலர் அவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

என் வீட்டுக் கொட்டகையில் நானே கட்டிய கார் ஒன்று நிற்கிறது. மாருதி 800-இன் பழைய 796 சிசி என்ஜின், சதுரக் குழாயில் வெல்டிங் வைத்த சேசிஸ், இரண்டு சீட். ஓடுகிறது, பிரேக் போட்டால் நிற்கவும் செய்கிறது. இதற்கு ஒரு நம்பர் வேண்டும் என்றுதான் உங்கள் கவுன்டருக்கு வந்தேன்.

முதலில் படிவம் 21, அதாவது விற்பனைச் சான்று கேட்டார்கள். விற்றவர் நான், வாங்கியவரும் நான். பேரம் பேசிப் பார்த்தேன், படியவில்லை. அடுத்தது படிவம் 22: வண்டி மாசு, பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டது என்று தயாரிப்பாளர் தரும் சான்று. "தயாரிப்பாளர் உங்கள் எதிரில்தான் நிற்கிறார்" என்றேன். எழுத்தர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, சேசிஸ் நம்பரின் பென்சில் பிரிண்ட் எங்கே என்றார்.

கொடுத்தேன். நம்பர் பஞ்ச் வைத்து நானே அடித்தது, மகளின் பிறந்த தேதி: எட்டு இலக்கம். பதினேழு வேண்டுமாம். மனைவியின் பிறந்த தேதியைச் சேர்த்தும் ஒன்று குறைகிறது.

மாருதியின் பழைய ஆர்.சி.யிலேயே ஓட்டிவிடும்படி உங்கள் வாசல் புரோக்கர் யோசனை சொன்னார். தயாரிப்பாளர் குறித்த அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 52. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதையே சொல்லிவிட்டது. இதை அவருக்கு நான் விளக்க வேண்டியதாயிற்று.

மிச்சம் இருப்பது மத்திய மோட்டார் வாகன விதிகளின் விதி 126. முன்மாதிரி வண்டியைப் புனே போன்ற இடத்துச் சோதனைக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். ஒரகடத்திலேயே ஒன்று இருப்பது ஆறுதல். ஆனால் ஓட்டிப் போனால் வழியில் நீங்களே பிடிப்பீர்கள், லாரியில்தான் ஏற்ற வேண்டும். அங்கே மணிக்கு 56 கிலோமீட்டர் வேகத்தில் காரைத் தடுப்பில் மோதவிடுவார்கள். கம்பெனிக்காரர் லட்சம் காருக்காக ஒன்றிரண்டைப் பலி கொடுக்கலாம். என்னிடம் இருப்பதே ஒன்று. தேறினால் சான்றிதழ் இருக்கும், கார் இருக்காது. தேறாவிட்டால் இரண்டும் இருக்காது.

பிரிட்டனில் வீட்டில் கட்டிய காரை ஒற்றை வண்டியாகவே ஆய்வு செய்கிறார்கள். இடிப்பதில்லை. பிரேக், புகை, ஸ்டியரிங் எல்லாம் பார்த்து, வெளியே நீட்டியிருக்கும் விளிம்பு 2.5 மி.மீ. ஆரத்துக்காவது மழுங்கியிருக்கிறதா என்று அளக்கிறார்கள். கூராக இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்தக் கெடுபிடி எனக்குச் சம்மதம்.

இதற்கிடையே உங்கள் சுற்றுச்சுவரையொட்டி ஒரு மீன்பாடி வண்டி போனது. பழைய ஸ்கூட்டர் என்ஜின், நம்பர் கிடையாது, பின்னால் பத்தடிக்குக் கட்டுக்கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. ஆய்வாளரின் ஜீப் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டது. அந்த அண்ணன் உங்களிடம் படிவம் கேட்டு வந்ததே இல்லை போலும்.

ஆகவே, ஒற்றைக் காருக்கு ஒற்றை ஆய்வு என்று மேலிடத்துக்கு எழுதும்படி வேண்டுகிறேன். இயலாதெனில் என் கொட்டகையைத் தொழிற்சாலையாகவும் திண்ணையை ஷோரூமாகவும் அங்கீகரிக்கவும். வாடிக்கையாளர் புகார்ப் பிரிவை என் மனைவி ஏற்கெனவே நடத்திவருகிறார்.

இப்படிக்கு,
தயாரிப்பாளர், விற்பனையாளர், வாங்குபவர்
(மூவருக்கும் ஒரே கையெழுத்து)