செம்மரமும் பங்குப் பணமும்

திருத்தணி 1960 வரை ஆந்திராவில் இருந்தது. எல்லைக்கோடு நகர்ந்தது; செம்மரம் இரண்டு பக்கமும் வளர்கிறது. வித்தியாசம் மரத்தில் இல்லை, அதைத் தொடுகிறவர் கையில் இருக்கும் காகிதத்தில்.

உயிரினவளத்தால் லாபம் பார்ப்பவர் அதை வளர்த்தவருக்கும் பங்கு தர வேண்டும் என்று 2002-இல் பல்லுயிர்ச் சட்டம் வந்தது. திருத்தணி இருக்கும் திருவள்ளூர் மாவட்டத்தில் 8 ஊர்களைச் சேர்ந்த 18 செம்மர விவசாயிகளுக்கு, சென்னையிலுள்ள தேசிய பல்லுயிர் ஆணையம் 55 லட்சம் ரூபாய் விடுவித்தது 2025-இல். தாமதம் என்று யாரும் குறை சொல்லிவிடாதீர்கள். செம்மரம் வைரம் பாயவும் இருபது, இருபத்தைந்து வருஷம் ஆகும். மரத்தின் சுபாவம் கோப்புக்கும் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

பட்டா நிலத்துச் செம்மரத்துக்கு இப்படிக் காசோலை. சேஷாசலம் காட்டில், வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி 2015 ஏப்ரலில் ஆந்திரப் போலீஸ் சுட்டுக் கொன்ற 20 பேரும் தமிழ்நாட்டுக் கூலிக்காரர்கள். வெட்டச் சொல்லிக் காசு கொடுக்கும் பெரிய மனிதர்கள் மட்டும் அன்றைக்கும் காட்டுக்குள் வரவில்லை. அவர்கள் எந்தப் படிவமும் நிரப்பாமலே தங்கள் பங்கை எடுத்துக்கொள்கிறார்கள்.