முதுகலை ப்ராஜெக்டின் தலைப்பும் பெஞ்சு நண்பர்களும்: ஆனைகட்டி டீக்கடையை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

கடைசி செமஸ்டரில் ப்ராஜெக்டுக்குத் தலைப்பு தேடும் மாணவருக்கு நண்பர்கள் தலைப்பு கொடுத்து உதவுகிறார்கள் என்பது நெடுநாள் நம்பிக்கை. நண்பர்கள் எதையும் கொடுப்பதில்லை, இருப்பதைக் கழிக்கிறார்கள். கழித்தபின் மிஞ்சுவதே தலைப்பு என்று இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

1. ஆய்வுக் களம்

கோவையிலிருந்து தடாகம், மாங்கரை வழியாக மலையேறும் பஸ் ஆனைகட்டிக்கு வந்து சேர்கிறது. கொடுங்கரைப்பள்ளத்துக்கு இந்தப் பக்கம் கோவை மாவட்டம். அந்தப் பக்கம் பாலக்காட்டின் அட்டப்பாடி. 1990-இல் தொடங்கப்பட்ட சாலிம் அலி பறவையியல், இயற்கை வரலாற்று மையம் இங்கே இருப்பதால், விலங்கியலும் சூழலியலும் படிப்பவர்கள் பையும் பைனாகுலருமாக வந்து இறங்குகிறார்கள். யானை உண்டு, மயில் உண்டு. அட்டப்பாடியைத் தாண்டினால் சைலன்ட் வேலியில் சிங்கவால் குரங்கும் உண்டு. தலைப்புக்குப் பஞ்சமில்லாத ஊரில்தான் தலைப்பு அமையாது என்பது எமது கருதுகோள்.

2. ஆய்வு முறை

டீக்கடையில் உட்கார்ந்து ஒட்டுக்கேட்டல். மாதிரி அளவைப் பெஞ்சின் நீளம் தீர்மானித்தது. புள்ளியியல் சோதனை எதுவும் செய்யப்படவில்லை. வடைக்குத் தனியாகச் செலவானது.

3. நண்பர் வகைமை

அ) சீனியர்: தான் பாதியில் விட்ட தலைப்பை வாரிசுரிமையாக வழங்குபவர். "டேட்டாவெல்லாம் இருக்குடா, ஒரு சீசன் மட்டும் நீ எடுத்தாப் போதும்" என்பார். அந்த ஒரு சீசன் எப்போதும் அட்டை ஏறும் மழைக்காலமாகவே இருக்கும்.

ஆ) சேட்டிலைட் நண்பர்: காட்டுக்குள் காலே வைக்காமல் காட்டை ஆராய்பவர். லேண்ட்சாட் படங்கள் 2008 முதல் இலவசம் என்பதை இவரிடமிருந்து எல்லோரும் பலமுறை அறிவார்கள்.

இ) யானைப் பித்தர்: எந்தத் தலைப்பிலும் யானையைச் சேர்ப்பவர். பட்டாம்பூச்சி என்றால், "யானைச் சாணத்துல உக்கார்ற பட்டாம்பூச்சின்னு வையேன்" என்பார்.

ஈ) "சாம்பிள் சைஸ் எத்தனை?": இந்த ஒரே கேள்வியால் மேற்கண்ட மூவரையும் வாயடைக்கச் செய்பவர். சொந்தத் தலைப்பு இவருக்கும் இன்னும் முடிவாகவில்லை.

4. களப்பதிவு

"மச்சி, யானை வர்ற தடத்துல பறவைங்க எப்டி இருக்குன்னு பாக்கலாம்னு இருக்கேன். அட்டப்பாடி பக்கமும் சேத்து."

"ரெண்டு ஸ்டேட்டுன்னா பர்மிஷனும் ரெண்டு. அது வர்றதுக்குள்ள வைவா முடிஞ்சுரும்."

"சரி, இந்தப் பக்கம் மட்டும்."

"விடியக்காலைல எப்டிப் போவே? அந்நேரத்துக்கு யானை ரோட்டுலதான்டா நிக்கும்."

"அப்ப... நம்ம ரூமுக்குப் பின்னாடி தோட்டத்துக்கு மயில் வருதுல்ல?"

எதிரிலிருந்தவர் பழம்பொரியைக் கடித்தார். மென்றார். மறுப்பு வரவில்லை. தலைப்பு பிறந்த தருணம் இதுவே.

கவனிக்க: இரண்டு மாநிலம், யானை, விடியற்காலை மூன்றையும் நண்பர் கழித்தார். மயிலை அவர் சொல்லவில்லை. கொடுங்கரைப்பள்ளத்தைத் தாண்டப் பறவை யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. அதைப் பார்க்கப் போகிறவர் இரண்டு வனத்துறையிடமும் கேட்க வேண்டும். இதை நினைவூட்டவே நண்பர்.

5. விவாதம்

முன்னோடிச் சான்று, மையத்தின் பெயருக்கு உரியவரிடமே இருக்கிறது. பல்கலைக்கழகப் பட்டம் இல்லாததால் சாலிம் அலிக்கு அரசின் விலங்கியல் துறையில் வேலை கிடைக்கவில்லை. 1930-இல், பெர்லினில் பயிற்சி பெற்றுத் திரும்பியும் வேலையின்றி, பம்பாய்க்கு அருகே கிஹிமில் தங்கினார். வீட்டருகே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டின, உட்கார்ந்து பார்த்தார். பார்த்ததை எழுதி 1931-இல் வெளிவந்த கட்டுரை அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. வேலை, பதவி, பயணம் எல்லாம் கழிந்தபின் மிஞ்சியதே அந்தத் தலைப்பு என்பது எமது துணிபு.

அவர் விவரித்த நடத்தையும் நம் ஆய்வுக்கு ஆதாரம். ஆண் குருவி பாதிக் கூட்டைக் கட்டி நிறுத்திக்கொள்ளும். பெண் வந்து உள்ளே நுழைந்து பார்க்கும். பிடித்தால் குடிபுகும், ஆண் மீதியை முடிக்கும். பிடிக்காவிட்டால் பாதிக் கூடு அப்படியே தொங்கும், நஷ்டமும் பாதிதான். மாணவரோ சினாப்சிஸை முழுதாக டைப் அடித்து, ஸ்பைரல் பைண்டிங்கும் போட்டுக்கொண்டு வந்து, "எப்டிடா இருக்கு?" என்கிறார். குருவிக்கு உள்ள முன்யோசனை முதுகலையில் எட்டப்படவில்லை.

எல்லாக் கழித்தலும் செல்லாது. "ஊர் சிரிக்கும்டா" என்பது செல்லாத காரணம். கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் கே. பி. ஸ்ரீகுமாரும் ஜி. நிர்மலனும் யானையின் உடல் பரப்பளவைக் கணக்கிட வழி சொன்னார்கள்: யானையின் உயரமும் முன்னங்கால் பாதத்தின் சுற்றளவும் தெரிந்தால் போதும். உலகம் சிரித்தது; சிரிக்கவைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படும் இக்நோபல் பரிசையும் 2002-இல் கணிதத்துக்காகக் கொடுத்தது. யானையை இஞ்ச் டேப்போடு நெருங்கும் முன் அவர்கள் ஒரு டீக்கடையில் கருத்துக் கேட்டிருந்தால், அந்தச் சூத்திரம் நமக்குக் கிடைத்திருக்காது.

6. பரிந்துரைகள்

தலைப்பைப் பாதியாகவே பெஞ்சுக்குக் கொண்டுவருக. "எப்படிப் போவாய், யார் அனுமதி, எத்தனை மாதம்" என்ற கேள்விகளுக்குத் தலைவணங்குக, சிரிப்புக்கு வணங்கற்க. நன்றியுரையில் இறைவனுக்கும் பைண்டிங் கடைக்காரருக்கும் நடுவே நண்பர்களுக்கு இடம் தருக, டீக்கணக்கையும் தீர்த்துவிடுக.

இத்தனையும் கழித்து வடித்த தலைப்பைக் கைடு ஒரே நிமிடத்தில் மாற்றிவிடுவது ஏன் என்பது தனி ஆய்வுக்குரியது. அதற்குத் தலைப்பு தயார், கைடுதான் கிடைக்கவில்லை.