கருப்பை இலாகா

2024 அக்டோபரில் சென்னையில் 31 ஜோடிகளுக்குக் கல்யாணம் செய்துவைத்த முதல்வர் ஸ்டாலின், பதினாறும் பெறுவதைப் பிள்ளைக் கணக்காகவே வைத்துக்கொள்ளலாமே என்ற தோரணையில் சிரிக்கச் சிரிக்கப் பேசினார். 2025 மார்ச்சில், நாகப்பட்டினத்துக் கல்யாண மேடையில், சிரிப்பு போய்விட்டது: உடனே பெற்றுக்கொள்ளுங்கள். பக்கத்து ஆந்திராவில் சந்திரபாபு நாயுடு இன்னும் ஒரு படி மேல். இரண்டுக்கு மேல் பெற்றவர் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கக் கூடாது என்ற சட்டத்தையே 2024இல் தூக்கிவிட்டார்.

காரணம், மக்கள்தொகைப்படி தொகுதி பிரித்தால் நம் 39 எம்.பி. இடங்கள் அடிபடும் என்ற பயம். நியாயமான பயம்தான்; குடும்பக் கட்டுப்பாடு விஷயத்தில் சொன்னபடி கேட்ட மாநிலத்துக்குத் தண்டனை என்றால் அது அயோக்கியத்தனம். ஆனால் சொன்னபடி கேட்டது யார், மாநிலமா?

பிரசவ வார்டுக்கு வாருங்கள். இரண்டாவது பிள்ளை பிறந்து ஒரு நாள்கூட ஆகவில்லை. பச்சை உடம்பு, தையல் விண்விண் என்று தெறிக்கிறது. "ஆபரேஷன் பண்ணிக்கிறியாம்மா, இல்ல காப்பர்-டி போட்டுடவா?" மூன்றாவது வழி ஒன்று உண்டு, அது வாசலில் டீ குடித்துக்கொண்டிருக்கிறது. அதற்குக் கால் மணி நேர வேலை, அன்றைக்கே வீட்டுக்கு நடந்தே போகலாம். மாமியார் விடுவாளா? "அவன் மூட்டை தூக்குறவன், உடம்பு என்னத்துக்கு ஆகும்?" இரண்டைச் சுமந்து இறக்கியவள் கையெழுத்துப் போடுகிறாள்.

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 57.8 சதவீதம் பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். புருஷன் செய்துகொண்ட வீடு? 0.1 சதவீதம். மீசைக்குப் பஞ்சமில்லாத மாநிலம்.

எமர்ஜென்சியில் ஆண்களை இழுத்துப்போய் வெட்டினார்கள். 1977இல் ஆட்சியே கவிழ்ந்தது. ஆண் உடம்பில் கைவைத்தால் நாற்காலி போகும் என்று அன்றைக்குப் படித்த பாடத்தை எந்தக் கட்சியும் மறக்கவில்லை. 2014 நவம்பரில், சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே பூட்டிக்கிடந்த ஆஸ்பத்திரியில், ஒரே டாக்டர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு ஆபரேஷன் செய்தார். பத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். எந்த நாற்காலி ஆடியது?

அன்று நிறுத்து என்றார்கள், நிறுத்தினாள். இன்று பெறு என்கிறார்கள். எம்.பி. எண்ணிக்கை குறைந்தால் அதற்கும் அவள் வயிறுதான் ஜாமீன்.

தாலி எடுத்துக்கொடுக்க வரும் தலைவர்களே, அடுத்த மேடையில் பிள்ளைக் கணக்கைப் பெண்ணிடம் சொல்லாதீர்கள். மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, கு.க. ஆபரேஷன் தியேட்டருக்கு வழி சொல்லுங்கள்.