டாக்டருக்கே அல்வா

ஏலே மருமவனே, நீ இனிப்பையே தொடுறதில்லைன்னு உன் பொண்டாட்டி பெருமையா சொல்லிக்கிட்டுத் திரியுதா. பாவம். உன் சட்டைப்பையில கோவில்பட்டி கடலைமிட்டாய்த் தாளு எட்டிப் பாக்கிறதை அவ பாக்கலை, நான் பாத்தேன்.

உன் சூட்சுமமும் எனக்குத் தெரியும்லே. ரத்தம் குடுக்க ரெண்டு நாளைக்கு முன்னால பாவக்கா, வெந்தயத் தண்ணி, விடியக்காலம் நடை. வெறும்வயித்துச் சுகர் 110-ன்னு வந்ததும் டாக்டருக்கே அல்வா குடுத்துட்டதா நெனப்பு. அவரு சிரிச்சுக்கிட்டே ஏ1சின்னு இன்னொரு ரத்தச் சோதனைக்குச் சீட்டு எழுதுவாரு. ரத்தத்துச் சிவப்பணுவுக்கு நாலு மாச ஆயுசு. ஓடுற சீனி அதுல ஒட்டிக்கிட்டே வரும். கழிஞ்ச ரெண்டு மூணு மாசம் நீ தின்ன கணக்கு பூரா அதுல நிக்கும். ஏ1சி 6.5 வந்தாலே சர்க்கரை வியாதிங்கான். நீ 9-ல நிக்கே!

அடுத்தது, "சீனி ஆகாது மாமா, கருப்பட்டி நல்லது"ன்னு டம்ளர் டம்ளரா கருப்பட்டிக் காப்பி. கருப்பட்டியில பெரும்பங்கு அதே சுக்ரோஸ்தாம்லே. பனை ஏறி இறங்குனவனுக்கு அது செரிச்சுது. பனையைப் போட்டோ புடிக்கிற உனக்குமா செரிக்கும்? சுகர் ஃப்ரீ லட்டுன்னு டப்பா டப்பாவா வாங்குதியே, அதுல இருக்க மாவும் நெய்யும் என்ன, காத்தா?

இதுக்காக இனிப்பை விடுன்னு சொல்லுவேனா? திருநவேலில பொறந்தவன்கிட்ட அல்வாவை விடச் சொன்னா எனக்கு நரகம்தான். தின்னு, கணக்காத் தின்னு. 50 கிராம் போதும். சூடா, இலைத் துண்டுல, நெய் விரல்ல வழிய, கடை வாசல்லயே நின்னு முடிச்சிரு. கால் கிலோ பொட்டலத்தை வீட்டுக்குக் கொண்டு போனேன்னா, ராத்திரி 12 மணிக்கு அது உன்னைப் பேரு சொல்லிக் கூப்பிடும்.

வெறும்வயித்துல திங்காத. முதல்ல காய், பயறு, முட்டை, கடைசியா இனிப்பு. சீனி சட்டுனு ஏறாது. அன்னைக்குச் சோத்துல ரெண்டு கரண்டி குறைச்சுக்கோ. பொறவு கட்டில்ல சாயாம ரத வீதியில கால்மணி நேரம் நட. நடக்கிற காலோட தசை ரத்தத்துச் சீனியைத் தானா இழுத்துக்கிடும்.

அல்வா தின்னுட்டோமேன்னு நீயா மாத்திரையை ரெண்டாப் போட்டுறாத. சுகர் 70-க்குக் கீழ இறங்குனா வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, ஊரே உன் வாயில சீனியைக் கொட்ட ஓடி வரணும். சீனி திங்க அது ஒரு வழின்னும் நெனைச்சிறாத!

சாயங்காலம் கடைக்குப் போறப்ப என்னையும் கூட்டிக்கோ. நீ எத்தனை கிராம் வாங்குதேன்னு பாக்க ஒரு ஆளு வேண்டாமா? உனக்குக் குறைக்கிறதை யாராவது திங்கவும் வேணும்லா.